இஸ்தோப்பிலிருந்து லண்டனுக்கு

என் பெண்சாதியை உட்கார வைத்தே தோற்கடிப்பது என்று முடிவு பண்ணினேன்.

சிரிக்காதீங்க. மற்ற வழியெல்லாம் நாற்பது வருசமாகப் பார்த்தாகிவிட்டது. பேச்சில் முடியாது, பேரே பேச்சியம்மா. கோபத்தில் முடியாது, நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால், என் பங்கை மாட்டுக்கு வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவாள். காலையில் மாடு என்னை நன்றியோடு பார்க்கும். மிச்சம் இருந்தது உட்காருவது ஒன்றுதான். உலகத்தில் அவளுக்கு வராத ஒரே வேலை அது.

விசயம் இதுதான். எங்கள் ஒரே மகள் சுலக்ஷனா லண்டனில் இருக்கிறாள். வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. மாப்பிள்ளை பிரதாபனும் அங்கேதான். அவளுக்கு இப்போது தலைப்பிள்ளை வயிற்றில்.

"அப்பா, அம்மா, ரெண்டு பேரும் வாங்க" என்றாள் போனில்.

"நான் வந்தா மாட்ட யாரு பாக்குறது?" என்றேன் கம்பீரமாக.

மாடு ஒரு சாக்கு. எங்கள் கந்தப்பளைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போனால் இறம்பொடை மலை வளைவுகளில் நான் என்ன ஆவேன் என்பது அந்த றோட்டில் ஓடுகிற கண்டக்டர்மார் அத்தனை பேருக்கும் தெரியும். என்னைக் கண்டாலே டிக்கட்டுக்கு முந்தி வாந்திப் பையை நீட்டுவார்கள். தரையில் ஓடுகிற பஸ்ஸுக்கே இந்தக் கதி. ஆகாசத்தில் ஏறினால் நான் எங்கே போய் எட்டிப் பார்ப்பது?

நான் வரவில்லை என்றால் அவளும் போகமாட்டாள் என்று நினைத்தேன்.

"சரி, அப்ப நான் மட்டும் போறேன். மூணு மாசந்தானே" என்றாள் பேச்சி.

மூன்று மாசந்தானாம்! எனக்கு அடுப்படி எந்தப் பக்கம் என்று தெரியும். சாப்பாடு அந்தப் பக்கமிருந்து வரும். அதற்கு மேல் தெரியாது. தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் முப்பத்தைந்து வருசம் வேலை செய்தவன் நான். ஆயிரமாயிரம் கிலோ கொழுந்து வாடுவதைப் பார்த்திருக்கிறேன். நானே வாடுகிற நாள் வரும் என்று நினைக்கவில்லை.

முதலில் தூரத்தைக் காட்டிப் பயமுறுத்தலாம் என்று எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பரா ஜீவராணியிடம் போனேன். டவுனில் புடவைக் கடையில் வேலை செய்கிற பிள்ளை. அவளுடைய போனில் இல்லாத சங்கதி கிடையாது.

"புள்ள, கொழும்புலேருந்து லண்டன் எவ்வளவு தூரம்?"

"எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் மாமா."

"கிலோமீட்டரு யாருக்கு வெளங்கும்? மைல் கட்டையில சொல்லு."

"ஐயாயிரத்து நானூறு கட்டை வரும்."

மனசில் கணக்குப் போட்டேன். இங்கிருந்து கொழும்பு நூறு கட்டை. பஸ் ஆறு மணித்தியாலம். அப்படியானால் லண்டனுக்கு... கை விரல் முடிந்து கால் விரலுக்கு வந்து, விடை கிடைத்ததும் எங்கள் அடுப்படியைப் பார்த்து ஓடினேன்.

"ஏய் பேச்சி! லண்டனுக்கு ரெண்டு கெழமை ஓடும் தெரியுமா?"

அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்னா கணக்கு அது?"

"கொழும்பு பஸ் கணக்கு."

"பிளேனுக்கு இறம்பொடை வளைவு இருக்கா?"

"மேகத்துல என்னா இருக்கோ யாரு கண்டா?"

"நுவரெலியாவுல டீ குடிக்க நிப்பாட்டுவானா?"

நான் மறுபடியும் விரலை எண்ண ஆரம்பித்தேன்.

"போயி தண்ணி எடுத்தாங்க." இதைச் சொல்லிவிட்டு அவளே எழுந்துபோய் எடுத்துவந்தாள். நான் எடுத்தால் பாதி வழியில் ஊற்றிவிடுவேன் என்பது வீட்டில் ஒத்துக்கொண்ட உண்மை.

மறுநாள் அவளே மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து நின்றாள்.

"மத்தியானம் ஒரு மணிக்கு ஏறினா, சாயந்தரம் ஏழரைக்கு லண்டன்ல எறக்கி விட்டுருவானாம். ஆறரை மணித்தியாலம். உங்க கொழும்பு பஸ்ஸும் கிட்டத்தட்ட அதே நேரந்தான்."

திரும்பவும் ஜீவராணியிடம் ஓடினேன்.

"மாமா, லண்டன் கடிகாரம் நம்ம கடிகாரத்துக்கு நாலரை மணித்தியாலம் பின்னால ஓடுது. ஏழரைன்னு அங்க காட்டுறப்ப இங்க நடுச்சாமம். உள்ளபடிக்குப் பதினொரு மணித்தியாலம் பறக்கணும்."

"திரும்பி வர்றப்ப?"

"ராத்திரி எட்டரைக்கு ஏறினா மறுநாள் பகல் பதினொன்றரைக்குக் கொழும்பு. கடிகாரத்தப் பாத்தா பதினஞ்சு மணித்தியாலம். ஆனா அதுவும் உள்ளபடிக்கு..."

உள்ளபடி எனக்கு எதற்கு? பதினைந்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"பேச்சி! போறது எப்புடியோ போகட்டும். வர்றதுக்குப் பதினஞ்சு மணித்தியாலம்! தாங்குவியா?"

"போறது கிட்ட, வர்றது தூரமா?"

"ஆமா. வர்றதுதான் தூரம்" என்றேன் அழுத்தமாக.

"ம்" என்றாள். எனக்கு ஒரு வெற்றி கிடைத்த மாதிரி இருந்தது.

அன்று பின்னேரம் விறகு அடுக்கிய பக்கம் மறைந்து பீடி குடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பீலியில் பேச்சியும் ஜீவராணியும் தண்ணீர் பிடித்துக்கொண்டு பேசினார்கள்.

"தூரத்துக்கெல்லாம் பயமில்ல புள்ள. ஆனா பதினொரு மணித்தியாலம் ஒரே எடத்துல குந்திக்கிட்டு இருக்கணுமாமே. அதுதான் என்னால ஆகாது. அத நெனைச்சாத்தான் போகாம இருந்துருவமான்னு இருக்கு."

பீடியை அப்படியே போட்டுவிட்டேன். நாற்பது வருசத்தில் முதல் தடவையாகப் பேச்சியம்மா தன் வாயால் தன் பலவீனத்தைச் சொல்லியிருக்கிறாள்! அதுவும் நான் கேட்கிற மாதிரி!

அன்றைக்கே பந்தயம் கட்டினேன்.

"வர்ற ஞாயித்துக்கெழமை. நம்ம வாசல் இஸ்தோப்புல. ஒரு நாற்காலி. காலையில ஏழு மணியிலேருந்து சாயந்தரம் ஆறு மணி வரைக்கும், பிளேன்ல இருக்கற மாதிரியே இருக்கணும். இருந்துட்டா நீ லண்டன் போ, நான் வாயத் தொறக்க மாட்டேன். எந்திரிச்சா போகக் கூடாது."

"பிளேன்ல இருக்கற மாதிரியேவா?"

"அச்சு அசலா."

"கக்கூசுக்கு?"

"அது போகலாம்" என்றாள் நடுவராகிவிட்ட ஜீவராணி. "பிளேன்லயும் இருக்கு."

"சரி" என்றாள் பேச்சி, ரொம்பச் சோகமாக. "நாப்பது வருசம் பேர் வாங்கினவ. இதுலயும் வாங்கிப் பாப்போம்."

பேர் என்பது எங்கள் தோட்டத்துக் கணக்கு. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். மழை பெய்தது, அட்டை கடித்தது, காய்ச்சல் என்று வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயாவிடம் அழுது பிரயோசனமில்லை. பேச்சி அரைப்பேர் வாங்கிய நாளை நான் பார்த்ததில்லை. ஆனால் அதெல்லாம் நின்று வாங்கிய பேர். உட்கார்ந்து வாங்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை நானே துடைத்துப் போட்டேன். பேச்சி கோயிலுக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"பெல்ட்டு?" என்றாள்.

"என்ன பெல்ட்டு?"

"இடுப்புல கட்டணுமாம். மக சொன்னா."

மூலையில் கிடந்த பழைய கொழுந்துக் கூடையின் கயிற்றை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக் கட்டினேன். கட்டும்போது எனக்குச் சிரிப்பு. அடுத்த பத்து நிமிசத்தில் தானே அவிழ்த்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடப்போகிறாள்.

ஜீவராணி போனில் உலகப்படத்தைத் திறந்துவைத்தாள். "மணி ஏழு. பிளேன் கெளம்பிருச்சு அத்தை. இன்னும் கொஞ்ச நேரத்துல மன்னார் பக்கம்."

நான் எதிரில் குந்திக்கொண்டு காத்திருந்தேன். பேச்சி மடியிலிருந்த டின் கோப்பையில் கரண்டியால் தட்டினாள். டிங்.

"என்னா?"

"தேத்தண்ணி."

"எந்திரிச்சுப் போயி ஊத்திக்க."

"பிளேன்ல தலைக்கு மேல ஒரு பட்டன் இருக்குமாம். அமுக்கினா ஆளு கொண்டாந்து குடுக்குமாம். அச்சு அசலான்னு நீங்கதானே சொன்னீங்க."

ஜீவராணியைப் பார்த்தேன். "ஆமா மாமா. சிரிச்ச மொகமாவும் கொண்டாரணும்" என்றாள் அந்தப் பாவி.

தேயிலை மலையில் பிறந்து, தேயிலையிலேயே வளர்ந்து, தேயிலை வாட்டிச் சம்பாதித்த நான், அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தேத்தண்ணி ஊற்றினேன். அடுப்பு பற்றவில்லை. ஊதினேன். சாம்பல் பறந்து என் மீசையில் உட்கார்ந்தது. பேச்சி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு டிங்.

"சீனி எங்க?"

"சீனி எங்க இருக்குன்னு எனக்கென்னா தெரியும்?"

"அலமாரியில ரெண்டாந்தட்டு, பச்ச டப்பா. பக்கத்துல மஞ்சள் டப்பா உப்பு. மாத்திப் போட்டுறாதீங்க."

மாற்றித்தான் போட்டேன். இரண்டாம் தரம் சரியாக வந்தது.

"சிரிக்கலயே" என்றாள் கோப்பையை வாங்கிக்கொண்டு.

சிரித்தேன்.

அதற்குள் மாட்டுத் தொழுவத்திலிருந்து செவலை கத்த ஆரம்பித்தது. எனக்கு உயிர் வந்தது. மாடு கத்தினால் பேச்சி தூக்கத்தில்கூட எழும்பிப் போவாள்.

"பேச்சி, செவல கத்துது. பால் கட்டிக்கும்."

"ஆமாங்க. பாவம்."

"போயி கறந்துட்டு வந்துரு. அத நான் கணக்குல எடுக்கல."

"எப்புடிங்க போறது? நான் இப்ப எங்க இருக்கேன் புள்ள?"

"அரபிக் கடலுக்கு மேல அத்தை."

"கேட்டீங்களா? அரபிக் கடலுக்கு மேலேருந்து எப்புடிங்க கந்தப்பளை மாட்டுல பால் கறக்குறது?"

நான்தான் கறந்தேன். கறந்தேன் என்று சொல்வது என் பெருமைக்கு. செவலைக்கு என் கை பழக்கமில்லை. முதல் உதையில் சட்டி போனது. இரண்டாம் உதையில் நான் போனேன். இஸ்தோப்பிலிருந்து குரல் வந்தது.

"வெரல இறுக்காதீங்க! மேலேருந்து கீழ வாங்க! கழுத்தத் தடவிக்கிட்டே கறங்க, அதுக்கும் நாலு நல்ல வார்த்தை வேணும்!"

நல்ல வார்த்தையா? இருந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அரைச் சட்டி கிடைத்தது.

துபாய் தாண்டும்போது சோறு வைத்தேன். ஈரான் மேலே பருப்பு. துருக்கி வந்தபோது கருவாடு கருகிவிட்டது. அதையும் தட்டில் போட்டு, சிரித்த முகமாக நீட்டினேன். பாதியை ஒதுக்கிவைத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டாள்.

"பிளேன் சாப்பாடு நல்லா இருக்காதுன்னு சுலக்ஷனா சொன்னா. சரியாத்தான் சொல்லியிருக்கா."

சேதி லயம் முழுக்கப் பரவிவிட்டது. பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து இஸ்தோப்பு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, எங்களுக்கும் பாலில்லாம ஒரு பிளேண்டி" என்றாள் மீனம்மா.

"நீ எதுக்கு? நீ பறக்கலயே!"

"வழியனுப்ப வந்தவங்களுக்குக் குடுக்குறதில்லயா?"

ஒன்பது கோப்பை. எல்லாம் நான் கழுவியது.

இனிப் பொறுத்தால் தோற்றுப்போவேன் என்று தெரிந்தது. ஒரு பாதகமான யோசனை வந்தது. தொழுவத்துக்குப் போய் செவலையை அவிழ்த்து, பேச்சி உயிராய் வளர்த்த லீக்ஸ் மரக்கறிப் பாத்திக்குள் விட்டேன். அந்தப் பாத்தியில் யாராவது கால் வைத்தாலே அவள் அரிவாளோடு வருவாள்.

ஓடிவந்து கத்தினேன்: "பேச்சி! மாடு லீக்ஸ் பாத்தியில!"

அவள் கை நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தது. கயிறு இடுப்பில் விறைத்தது. எழுந்துவிட்டாள், எழுந்தேவிட்டாள் என்று என் நெஞ்சு துள்ளியது. அப்புறம் மெல்ல மூச்சை விட்டுச் சாய்ந்துகொண்டாள். கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக் கீழே குனிந்து பார்த்தாள்.

"ஆமாங்க, ஏதோ அசையுது. மேலேருந்து பாக்குறப்ப எறும்பு மாதிரி இருக்கு. மாடுதானா அது?"

மாட்டைப் பிடிக்க நான் கோயில் மேடு வரைக்கும் ஓடினேன். திரும்பி வரும்போது மழை. கொடியில் துணி. அதையும் நான்தான் எடுத்தேன்.

நனைந்துபோய் வந்து அவள் காலடியில் உட்கார்ந்தேன். மழைக்குப் பெண்களெல்லாம் கலைந்து போயிருந்தார்கள். ஜீவராணி உள்ளே போயிருந்தாள்.

"பேச்சி, எடுத்தது போதும். இதோட அரைப்பேர் தாரேன். எந்திரி."

"அரைப்பேருக்கு லண்டனுக்குப் பாதி வழியிலயா எறக்குவாங்க?"

"கால் வலிக்கலயா?"

"வலிக்குது" என்றாள். முதல் தடவையாக விளையாட்டில்லாத குரல். எதிரே இருந்த மலையைக் காட்டினாள். மழைக்குப் பின்னால் பச்சையாகக் கழுவிவிட்ட மாதிரி நின்றது. "எங்கம்மா வீடு அந்த மலையில. இங்கேருந்து கூப்புட்டா கேக்கும். சுலக்ஷனா பொறக்கறப்ப மண் சரிஞ்சு றோட்டு ஒடைஞ்சு கெடந்துச்சு. நான் இங்கேருந்து கத்தினது அம்மாவுக்குக் கேட்டுச்சாம். வந்து சேந்தது மறுநாள். புள்ள பொறந்து, எல்லாம் முடிஞ்சப்புறம்."

அன்றைக்கு நானும் காம்பராவுக்கு வெளியே சும்மா நின்றவன்தான்.

"கண்ணுக்குத் தெரியுற மலையிலேருந்து வர ஒரு நாளு. ஐயாயிரம் கட்டைக்குப் பதினொரு மணித்தியாலங்கறானுங்க. நான் போகாம இருப்பேனா?"

எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றினேன். யாரும் டிங் என்று தட்டவில்லை. சீனி பச்சை டப்பாவிலிருந்து போட்டேன். சிரித்தேனா என்று தெரியாது. வாங்கிக் குடித்துவிட்டு, "இது நல்லா இருக்கு" என்றாள்.

ஆறு மணிக்கு ஜீவராணி வந்து கையைத் தட்டினாள். "லண்டன் வந்தாச்சு அத்தை!"

கயிற்றை அவிழ்த்துவிட்டேன். பேச்சி எழுந்து, இடுப்பை நிமிர்த்தி, நேரே அடுப்படிக்குப் போனாள். சட்டியைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். பால் செம்பை எட்டிப் பார்த்தாள். கொடியிலிருந்து எடுத்த துணியைத் தொட்டுப் பார்த்தாள். எங்கள் கண்டாக்கு ஐயாகூட இவ்வளவு கறாராகக் கொழுந்தைக் கிளறிப் பார்த்ததில்லை.

"சோறு வைக்கத் தெரிஞ்சிருச்சு. பால் கறக்க இன்னும் பழகணும். கருவாடு ஆகாது. மூணு மாசத்துக்கு சாக மாட்டீங்க" என்றாள். பிறகு ஜீவராணியிடம், "எழுதிக்க புள்ள. எனக்கு முழுப்பேர். மாமாவுக்கு அரைப்பேர்."

"எனக்கா? நான் எங்க பந்தயத்துல இருந்தேன்?"

ஜீவராணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மாமா, நீங்க மட்டுந்தான் பந்தயத்துல இருந்தீங்க. இந்த மனுசன எப்புடிப் பழக்கி வச்சிட்டுப் போறதுன்னு அத்தை ஒரு மாசமா யோசிச்சாங்க. அன்னைக்கு வெறகுக்குப் பின்னால பீடிப் பொக தெரிஞ்ச பெறகுதானே பீலியில அந்தப் பேச்சையே எடுத்தாங்க."

பேச்சி போனாள். கட்டுநாயக்க ஏர்போட் வரைக்கும் நானும் வேனில் போய் வழியனுப்பினேன். இறம்பொடையில் வழக்கம்போல் பை. உள்ளே போகும்போது அவள் திரும்பிப் பார்த்து, கோப்பையில் தட்டுகிற மாதிரி விரலை ஆட்டினாள். டிங்.

பேரன் பிறந்தான். மகளுக்கு அம்மா பக்கத்தில் இருக்கவே பிறந்தான். மூன்று மாசமும் நான் சாகவில்லை. கருவாடுகூட இப்போது கருகுவதில்லை. செவலை என்னைப் பார்த்தால் கழுத்தை நீட்டுகிறது. நாளைக்குப் பேச்சி வருகிறாள் என்று லயம் முழுக்கச் சொல்லி, சிவப்பு நாற்காலியைக் கழுவி வெயிலில் வைத்த அன்றைக்குப் போன் வந்தது.

"ஏங்க, டிக்கட்ட மாத்தியாச்சு."

"ஏன்?"

"வர்றதுதான் தூரம்னு நீங்கதானே சொன்னீங்க? பதினஞ்சு மணித்தியாலம். நான் உக்காந்து பழகினது பதினொண்ணுக்குத்தானே? மிச்ச நாலையும் இங்க உக்காந்து பழகிட்டு வாரேன்."

"அதுக்கு எவ்வளவு நாளாகும்?"

"இன்னொரு மூணு மாசம் ஆகுமுங்க. பேரன் மடியிலேருந்து எறங்க மாட்டேங்குறான், நல்லாப் பழகுது. அது கெடக்கட்டும், செவலைக்குப் புல் அறுத்தீங்களா?"

அறுத்திருந்தேன். புல்லுக்கட்டு அப்போது என் தலையில்தான் இருந்தது.